செயலாளர் ஆண்டறிக்கை: ஆலைகள் கல்விக்கூடமான கதை

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தபடி, இந்த ஆண்டின் மாதக் கூட்டங்களை ஒரே பொருளில் நடத்தினோம்: மூடிய பிறகு கல்விக்கூடமாக மாறிய ஆலைகள். "பூட்டிப்போன ஆலையில் பேச என்ன இருக்கிறது?" என்று கேட்டவர்களே பிறகு முன்வரிசையில் இடம் பிடித்தார்கள்.

அதிகம் பேசப்பட்டது ஸ்பெயினில் செவில் நகரத்து அரச புகையிலை ஆலை. 1728-இல் தொடங்கிய கட்டுமானம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. வடிவமைத்தவர்கள் பெரும்பாலும் ராணுவப் பொறியாளர்கள், பார்த்தாலே தெரியும். அகழி, காவல் கூண்டு, உள்ளேயே ஒரு சிறை. எதிரிப்படைக்குப் பயந்து அல்ல. புகையிலை வியாபாரம் அரசின் ஏகபோகம். ஒரு கைப்பிடிகூடக் கள்ளத்தனமாக வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான். முதலில் மூக்குப்பொடி அரைத்தார்கள். செக்குபோல் அரவை எந்திரங்களைச் சுற்றியவை குதிரைகளும் கோவேறு கழுதைகளும். 19-ஆம் நூற்றாண்டில் சுருட்டு முந்தியது. அதைச் சுற்ற ஆயிரக்கணக்கில் பெண்கள் வந்தார்கள். எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி, வீடு திரும்பும்போது சோதனை. கைக்குழந்தை இருந்தால் வேலை செய்யும் இடத்திலேயே தொட்டில்.

1950-களில் புகையிலை வேறு இடத்துக்குப் போக, செவில் பல்கலைக்கழகம் குடியேறியது. வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் விட்ட முற்றங்கள் மாணவர்களுக்கும் பொருந்திப்போயின.

இஸ்தான்புல்லின் சிபாலி புகையிலை ஆலையும் இதே வழிதான்: 1884-இல் தொடங்கி, 1995-இல் மூடி, 2002-இல் காதிர் ஹாஸ் பல்கலைக்கழக வளாகமானது. அடித்தளத்தில் துருக்கியர் ஆட்சிக்கு முந்தைய பைசாந்தியக் காலத்து நீர்த்தொட்டி ஒன்றும் உண்டு. இத்தாலியில் டூரின் நகரத்து லிங்கோட்டோ கார் ஆலைக்கு நேரம் போதவில்லை. கூரைமேல் கார் ஓட்டும் பாதை இருக்கிறது என்று சொன்னதுமே கூட்டம் கலகலத்துவிட்டது.

ஒன்று சொல்லியாக வேண்டும். செவில் ஆலை முகப்புச் சிற்பங்களில் கொலம்பஸும் மெக்சிகோவை வென்ற கோர்டெஸும் இருக்கிறார்கள், சுருட்டுச் சுற்றிய பெண்கள் இல்லை. முகப்பு எழுந்தபோது அவர்கள் வேலைக்கே வரவில்லை என்பது சரிதான். ஆனால் பழைய ஆலைகளைப் புதுப்பிக்கும்போது சுவருக்குக் கிடைக்கும் கவனிப்பு உழைத்தவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஆகவே அடுத்த ஆண்டுக் கூட்டங்களை ஆலைத் தொழிலாளர்களைப் பற்றியே நடத்தலாம் என நிர்வாகக் குழு பரிந்துரைக்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் அதற்கு முன்பே அவரைப் பார்த்துவிட்டால் நல்லது. இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்