டிராக்டர் வாங்கப் போகும் மகனுக்கு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் நலம். போனில் நீ கேட்டதற்கு அப்பா, "நல்ல கம்பெனி வண்டியாகப் பார்த்து வாங்கு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எது நல்ல கம்பெனி என்பதுதானே உன் கேள்வியே! இத்தனை வருடமும் நம் வண்டிக் கணக்கு நோட்டை எழுதி வருகிறவள் நான். அதனால்தான் நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ பார்த்து வைத்திருக்கிற இரண்டும் ஒரே குதிரைத்திறன். ஒன்று எல்லோருக்கும் தெரிந்த பேர். இன்னொன்று புதிதாக வந்தது, விலை கால்பங்கு குறைவு. அந்தக் கால்பங்கு லேசான பணமில்லை, நல்ல கருவி ஒன்றையே வாங்கிவிடலாம். ஆகவே "மலிவு வண்டி மோசம்" என்று எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டேன். ஜப்பானின் குபோட்டா 1972ல் அமெரிக்காவில் கடை போட்டபோதும், மஹிந்திரா 1994ல் அங்கே போனபோதும் அந்த ஊர் விவசாயிகளுக்கு அவை புதுப் பேர்கள்தான். இன்று எண்ணிக்கைக் கணக்கில் உலகத்திலேயே அதிக டிராக்டர் விற்பது மஹிந்திரா. அசைக்க முடியாது என்று நினைத்த பெரிய பேர்களோ கைமாறிப் போயின. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் விவசாயப் பிரிவும் அல்லிஸ்-சால்மர்ஸின் டிராக்டர் தொழிலும் 1985ல் வேறு கம்பெனிகளுக்குப் போயின. ஃபோர்டு டிராக்டர் 1991ல் ஃபியட் வசம் போனது.

பானெட்டில் இருக்கிற பேரையும் அப்படியே நம்ப முடியாது. ஜான் டீரின் சிறிய டிராக்டர்கள் பலவற்றில் இருப்பது யான்மார் என்ற ஜப்பான் கம்பெனியின் எஞ்சின். மாஸே பெர்குசன் பேரில் வரும் சிறிய வண்டிகள் பலவற்றைச் செய்து கொடுத்தது இசெக்கி என்ற இன்னொரு ஜப்பான் கம்பெனி. நீ பார்த்த மலிவு வண்டிக்குள்ளும் நல்ல எஞ்சின் இருக்கலாம். யார் செய்தது என்று கேட்டுப் பார். விற்கிறவர் பதில் சொல்லத் தடுமாறினால் அதையும் மனதில் குறித்துக்கொள்.

சரி, அப்படியென்றால் பழைய பேருக்கு எதற்குக் கூடுதல் பணம்? என் கணக்கில் ஒரே காரணம்தான். அந்த மாடல் வண்டி எத்தனை ஆயிரம் நிலங்களில் ஓடுகிறது என்பதுதான் அது. மாஸே பெர்குசன் 135 வந்தது 1964ல். எழுபதுகளின் நடுவிலேயே அதைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் அதற்குக் கிளட்ச் பிளேட்டும் பிஸ்டன் செட்டும் இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். கம்பெனிக்குப் பாசம் என்பதற்காக இல்லை. ஏராளமான வண்டி இன்னும் ஓடுகிறது, பார்ட்ஸ் செய்தால் விற்கும் என்று வெளியே பத்துப் பேருக்குத் தெரியும். கம்பெனி கைமாறினாலும் அந்தப் பத்துப் பேர் இருப்பார்கள். அதை ஏற்கெனவே நூறு முறை பிரித்துப் பார்த்த மெக்கானிக்கும் இருப்பார்.

பக்கத்து நிலத்துக்காரர் வாங்கிய மலிவு வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஞ்சின் அருமை, இன்று வரை அதைக் குறை சொல்ல ஆளில்லை. மூன்றாம் வருடம் உழவு மும்முரத்தில் ஹைட்ராலிக் லிப்ட் கலப்பையைத் தூக்கவில்லை. பிரித்துப் பார்த்தால் லிப்ட் சிலிண்டருக்குள் ஒரு ஓ-ரிங் கிழிந்திருந்தது, வளையல் அளவு ரப்பர், அவ்வளவுதான். மெக்கானிக் தன் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒன்று தொளதொளவென்று இருந்தது, அடுத்தது பள்ளத்தில் உட்காரவே இல்லை. அந்தக் கம்பெனி எல்லோரும் போடுகிற அளவில் பள்ளம் வெட்டவில்லை. டீலரோ அதற்குள் கடையை மூடிவிட்டுப் போயிருந்தார். பக்கத்து நிலத்துக்காரர் கலப்பையை நிலத்திலேயே கழற்றிப் போட்டுவிட்டு வண்டியை மட்டும் ஓட்டி வந்தார். ஈரம் காய்வதற்குள் முடிக்க வேண்டிய உழவு. வாடகை வண்டிக்கு அலைந்து, அது வந்து சேர்வதற்குள் மண் இறுகிவிட்டது. அந்தப் போகத்தின் நஷ்டத்தை எந்த விலைப்பட்டியலிலும் பார்க்க முடியாது.

இதே வேதனை நூறு வருடத்துக்கு முன்பே ஒரு சட்டத்தைக் கொண்டு வந்தது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் வில்மட் குரோசியர் என்று ஒரு விவசாயி, சட்டசபை உறுப்பினரும்கூட. ஃபோர்டு என்ற பேரைப் பார்த்து ஒரு டிராக்டர் வாங்கினார். ஹென்றி ஃபோர்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஃபோர்டு என்று பேருள்ள வேறொருவரைச் சேர்த்துக்கொண்டு நடத்திய கம்பெனி அது. வண்டி ஓயாமல் தொல்லை கொடுத்தது. 1919ல் அவர் முயற்சியில் வந்த சட்டம், அந்த மாநிலத்தில் விற்கிற டிராக்டரை முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றது. அதோடு நிற்காமல், உதிரி பாகம் இருப்பு வைத்த சர்வீஸ் நிலையமும் மாநிலத்துக்குள் இருக்க வேண்டும் என்றது. பார்ட்ஸையும் சட்டத்தில் சேர்த்தார்கள் பார், நிலத்தில் நின்று அவதிப்பட்டவருக்குத்தான் அது தோன்றும். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் அந்தச் சோதனை இன்றும் நடக்கிறது.

அதுபோன்ற சோதனை அறிக்கையில் முதலில் டீசல் செலவைப் பார். வருடம் 500 மணி நேரம் ஓட்டினால் பத்து வருடத்தில் 5,000 மணி நேரம். மணிக்கு ஒரு லிட்டர் கூடுதலாகக் குடிக்கிற வண்டி 5,000 லிட்டரைக் கூடுதலாகக் குடித்திருக்கும். விலையில் மிச்சம் பிடித்தது டேங்க் வழியாகப் போய்விடும். இது பெரிய பேருக்கும் பொருந்தும், பேர் இருப்பதால் டீசல் குறையாது.

பெரிய பேரில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. சென்சாரும் கம்ப்யூட்டருமாக வருகிற வண்டிகளில் கோளாறைக் கண்டுபிடிக்கிற மென்பொருள் டீலர் கையில்தான் இருக்கிறது என்று விவசாயிகள் வருடக்கணக்காகப் போராடுகிறார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையமே ஜான் டீர் மீது இதற்காக வழக்குப் போட்டது. உனக்கு வேண்டியது உழவும் இழுவையும். ஸ்பேனரால் சரிசெய்ய முடிகிற மாடல் இருந்தால் அதையே எடு.

மறுவிற்பனை பற்றி எல்லோரும் பேசுவார்கள். இருபது வருடம் வைத்து ஓட்டுகிறவனுக்கு அது பெரிய விஷயமில்லை. ஐந்து வருடத்தில் மாற்றுகிறவனுக்கு மலிவு வண்டியின் மிச்சம் அங்கேயே கரைந்துவிடும். அப்புறம் வட்டியில்லாக் கடன் என்றால் உடனே தலையாட்டாதே. ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று முதலில் கேள்.

உன் விஷயத்தில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சொந்த நிலத்துக்கு மட்டும், வருடம் 200 மணி நேரத்துக்குள் என்றால் மலிவு வண்டியே போதும் என்பேன், பக்கத்தில் பார்ட்ஸ் கிடைக்கும் பட்சத்தில். நீயோ வாடகைக்கும் ஓட்டப் போவதாகச் சொல்கிறாய். வாக்குக் கொடுத்த நாளில் வண்டி நின்றால் அடுத்த போகத்துக்கு உன்னைக் கூப்பிட மாட்டார்கள். தெரிந்த பேரையே வாங்கு. பணம் இடித்தால் அதே கம்பெனியில் நாலைந்து வருடம் ஓடியதைப் பார். பார்க்க வருவதற்கு முன் ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போ. போனதும் எஞ்சின் மேல் கை வைத்துப் பார், சூடாக இருந்தால் காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிற வண்டியாக இருக்கலாம். மீட்டரில் 900 மணி என்று காட்டி, கிளட்ச் பெடல் தேய்ந்து வழவழவென்று இருந்தால் மீட்டரை நம்பாதே.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இரண்டு டீலரிடமும் ஷோரூமுக்குள் போகாமல் பார்ட்ஸ் கவுண்டருக்குப் போ. அந்த மாடலுக்கு ஆயில் பில்டர், கிளட்ச் பிளேட், ஹைட்ராலிக் பம்ப் சீல் கிட் (எண்ணெய் கசியாமல் தடுக்கிற ரப்பர் வளையங்கள்) மூன்றையும் கேள். எதை உடனே எடுத்துக் கையில் கொடுக்கிறார்கள், எதற்கு "ஆர்டர் போடணும்" என்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு எனக்குச் சொல். அதற்குப் பிறகு பணத்தைப் பற்றிப் பேசுவோம்.

அன்புடன்,
அம்மா