அமெச்சூர் வானொலி (ஹாம்) சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும். அதையாவது திறந்து பார்க்கவும்.

செயற்குழு ஐந்து முறை கூடியது. மேலும் இரண்டு முறை கூட்டம் நடத்தப் போதிய ஆள் இல்லாமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தது. ஏப்ரல் 18 உலக அமெச்சூர் வானொலி நாள் கொண்டாடப்பட்டது. சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியம் 1925-இல் பாரிசில் தொடங்கி நூறு ஆண்டு ஆனதால் இம்முறை கேக் உண்டு. உரிமத் தேர்வுக்கான ஞாயிறு வகுப்பில் ஒன்பது பேர் சேர்ந்து நான்கு பேர் தேர்வு எழுதினார்கள். இடியில் பழுதான ரிப்பீட்டர் (நம் பேச்சை வாங்கித் தூரத்துக்கு மறுஒலிபரப்பும் கருவி) சரிசெய்யப்பட்டது.

இனி கொல்லிமலை ஓட்டம். இதைப் பற்றி வெளியே நிறையப் பேசப்படுவதால் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

காரவள்ளி அடிவாரத்தில் விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பி, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, மலைக்கு மேல் சுற்றிவிட்டுச் செம்மேட்டில் முடிகிற ஓட்டம். வழியில் செல்போன் சிக்னல் வரும், போகும். அதனால்தான் அமைப்பாளர்கள் நம்மிடம் வந்தார்கள். முந்தைய ஆண்டு கையில் வாக்கிடாக்கியோடு வழியில் நின்று, கடந்து போகிறவர்களின் எண்ணை வாயால் சொன்னோம். அதன் லட்சணம் நினைவிருக்கும். காற்றில் "எண்பத்து மூன்று" என்று சொன்னது "எழுபத்து மூன்று" என்று கேட்டு, 83-ஐக் காணோம் என்று ஒரு மணி நேரம் தேடினோம். அவர் செம்மேட்டில் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதே சொன்னேன், இது பேக்கெட்டுக்கான வேலை, அதாவது எழுத்தையே சிறு பொட்டலங்களாக்கி வானொலியில் அனுப்பும் முறைக்கான வேலை என்று. இது என் சொந்தப் பைத்தியம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். பிற்காலத்தில், இருக்கும் இடத்தை வானொலியில் தெரிவிக்கும் ஏ.பி.ஆர்.எஸ். முறையை உருவாக்கிய அமெரிக்க ஹாம் பாப் புரூனிங்கா, 1984-இலேயே ஒரு கொமடோர் விக்-20 கணினியை வைத்துக்கொண்டு, 100 மைல் பந்தயத்தில் குதிரைகள் எங்கே இருக்கின்றன என்று பேக்கெட்டில் அனுப்பியவர். குதிரைக்கு முடிந்தது மனிதனுக்கு முடியாதா என்று செயற்குழுவில் கேட்டேன். "குதிரை கணக்குக் கேட்காது" என்றார் பொருளாளர். அனுமதி கிடைத்தது என்று அதை எடுத்துக்கொண்டேன்.

ஓடுபவர் ஒவ்வொருவர் இடுப்பிலும் ஜி.பி.எஸ். கட்டப்போகிறோம் என்று பலர் நினைத்திருந்தார்கள். இருநூறு பேரும் ஒரே அலைவரிசையில் அனுப்பினால் பேக்கெட்டுகள் ஒன்றோடொன்று மோதி ஒன்றுமே வந்து சேராது. போதாக்குறைக்கு இருநூறு பேருக்கும் உரிமம் வேண்டும். நாம் செய்தது எளிய வேலை. காரவள்ளி, 35-ஆம் வளைவு, சோளக்காடு, செம்மேடு என நான்கு நிலையங்கள். சீக்குப்பாறையில் கேட்டதைத் திருப்பி ஒலிபரப்ப ஒரு டிஜிபீட்டர். யார் கடந்தாலும் நெஞ்சில் குத்தியிருக்கும் எண்ணையும் நேரத்தையும் லேப்டாப்பில் தட்ட வேண்டும். 1200, 2200 ஹெர்ட்ஸ் என இரண்டு தொனிகளாக அது வானொலியில் போகும். வேகம் விநாடிக்கு 1200 பிட்தான் என்றாலும் பத்துப் பேர் விவரம் ஓரிரு விநாடியில் போய்விடும். முக்கியமாக, ஒரு பிட் தப்பினாலும் எதிர்முனை மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிடும். கிடைத்தது என்று பதில் வரும்வரை இந்த முனை திரும்பத் திரும்ப அனுப்பும். அதாவது 83 போனால் 83-தான் சேரும், இல்லாவிட்டால் ஒன்றும் சேராது. கணினி எழுத்தைத் தொனியாக்கியும் தொனியை எழுத்தாக்கியும் தரும் டி.என்.சி. பெட்டியின் வேலையை டயர்வுல்ஃப் என்ற இலவச மென்பொருளே பார்த்துவிடுவதால் தனிப் பெட்டி வாங்கவில்லை. செலவெல்லாம் கேபிள், யு.எஸ்.பி. ஒலி அட்டை, பேட்டரிகளுக்கு.

அன்று முதல் நாற்பது நிமிடம் பேக்கெட் வேலையே செய்யவில்லை என்று ஓர் உறுப்பினர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். நாற்பது அல்ல, இருபத்தைந்து. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். 35-ஆம் வளைவில் இருந்தவர், சத்தம் கூடினால் தூரம் போகும் என்று லேப்டாப்பின் ஒலியளவை முழுசாக ஏற்றிவைத்திருந்தார். தொனி சிதைந்து, செம்மேட்டில் எனக்குக் கரகரவென்று சத்தம் கேட்கிறதே தவிர, திரையில் ஓர் எழுத்து இல்லை. வாய்வழி அலைவரிசையில் அவரைப் பிடித்து, "பாதிக்குக் கீழே இறக்குங்க சார், இன்னும், இன்னும்" என்று இறக்க வைத்ததும் திரையில் கடகடவென்று முப்பத்தொரு எண்கள் விழுந்தன. அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். அவராவது வந்தார்.

ஆறே கால் மணிக்கு நடந்ததைத்தான் யாரும் குழுவில் எழுதவில்லை. 46-ஆம் எண், 35-ஆம் வளைவை 5.12-க்குக் கடந்திருக்கிறார், அவருக்கு முன்னும் பின்னும் வந்த எல்லாரும் சோளக்காட்டில் பதிவாகிவிட்டார்கள், அவர் மட்டும் இல்லை. அந்த இடைவெளியை மட்டும் பார்த்தால் போதும் என்று பைக்கில் ஆள் அனுப்பினோம். கணுக்கால் பிசகி, மூடுபனியில் தடுப்புச்சுவர் ஓரமாகச் சுருண்டு உட்கார்ந்திருந்தார். ஆள் போய்ச் சேரப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

பணியில் இருந்தவர்கள் என்னையும் சேர்த்து ஐந்து பேர். பெயர் கொடுத்தவர்கள் பதினான்கு. "சிஸ்டர் பொண்ணு கல்யாணம்" என்று மூன்று பேர் சொன்னார்கள், ஒரே முகூர்த்தம் போலிருக்கிறது. உரிம விதிப்படி நாம் கூலி வாங்கக் கூடாது என்பதால் அமைப்பாளர்கள் இட்லியும் பதினான்கு டி-சர்ட்டுகளும் கொடுத்தார்கள். பதினான்கு டி-சர்ட்டும் மறுவாரமே தீர்ந்துவிட்டன. இதற்கு மேல் இதைப் பற்றி நான் சொல்ல விரும்பவில்லை.

வரவு செலவு: கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு, கவலைப்படும் அளவுக்கு அல்ல. விவரம் வேண்டுவோர் பொருளாளரிடம் நேரில் பார்க்கலாம். ரிப்பீட்டர் பழுதுக்கு ஆன தொகையில் ஒரு பகுதியை நான் தற்காலிகமாகக் கொடுத்திருக்கிறேன், அவசரமில்லை. சந்தா பாக்கி பத்தொன்பது பேர். ஐந்நூறு ரூபாய்க்கு ஒருவரிடம் நான் ஆறு முறை போன் பேசியிருக்கிறேன். அவர் 40,000 ரூபாய்க்குப் புது வானொலி செட் வாங்கிய விவரத்தை அந்த ஆறு முறையும் கேட்டுக்கொண்டேன்.

தலைவர் அவர்களுக்கும், மாடியில் ஆன்டெனா வைக்க இடம் கொடுத்தவருக்கும், பனியில் லேப்டாப்பைத் துண்டால் துடைத்துத் துடைத்துச் சோளக்காட்டில் எண் தட்டிய துணைச் செயலாளர் தம்பதிக்கும் நன்றி.

இந்தப் பொறுப்பில் எனக்கு இது ஆறாவது ஆண்டு. இளைஞர்கள் யாராவது முன்வந்தால் சந்தோஷமாக ஒதுங்கிக்கொள்வேன் என்று சென்ற ஆண்டும் சொன்னேன், அப்போது அரங்கில் நிலவிய அமைதி இன்னும் காதில் இருக்கிறது. சரி. டிசம்பரில் மீண்டும் ஓட்டம் உண்டு. நிலையத்துக்கு இருவர் வீதம் எட்டுப் பேர், டிஜிபீட்டருக்கு ஒருவர். பெயர் எழுதும் தாள் வாசல் மேசையில் பேனாவுடன் இருக்கிறது, சந்தா ரசீதுப் புத்தகமும் அங்கேதான். அப்புறம், 35-ஆம் வளைவிலிருந்து வீட்டுக்குப் போன 12 வோல்ட் பேட்டரி யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சார்ஜ் போட்டே கொண்டு வரவும்.

இங்ஙனம்,
செயலாளர்