பழைய காமிக்ஸ்களுக்கு ஒரு அலமாரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியபோது எனக்குப் பத்து வயது. முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. அண்ணனிடம் பிடுங்கிப் படித்தேன். அன்று பிடித்தது, அப்புறம் விடவே இல்லை. 1984-ல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தன, அவற்றையும் சேர்த்தேன்.

வீடு மாறியபோது அந்த முதல் இதழைக் கரையான் அரித்துவிட்டது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பழைய பேப்பர் கடையில் பழக்கமான சேலத்து நண்பர் ஒருவர் கேள்விப்பட்டு, தன்னிடம் இருந்த பிரதியோடு பஸ் ஏறி வந்தார். அதன் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து, அட்டை ஓரம் மடங்கியிருந்தது. கடைசிப் பக்கம் கிழிந்துபோன இடத்தில், பெட்டி பெட்டியாகக் கோடு போட்டு அவரே படம் வரைந்து, வசனமும் எழுதி ஒட்டியிருந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். முப்பது வருட நட்பு இது. என் மகள் கல்யாணத்தில் பந்தியைக் கவனித்துக்கொண்டதும் அவர்தான்.

எங்களைப் போன்றவர்களுக்கு வயதாகிறது. இந்த இதழ்கள் எடைக்குப் போய்விடக் கூடாது. மாவட்ட மைய நூலகங்களில் தமிழ் காமிக்ஸுக்கென்று ஓர் அலமாரி ஒதுக்கினால், என் சேகரிப்பில் இரட்டைப் பிரதியாக உள்ளவற்றை முதல் ஆளாகக் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
திண்டுக்கல்