1929க்கு முன் இருந்திருக்க முடியாத குப்பியை 1870களின் கைவேலை என்று விற்றது குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்

பொருள்: பழைய மருந்துக்கடைக் குப்பி குறித்த தவறான விவரம், பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா,

கடந்த மாதம் 12ஆம் தேதி தங்கள் நிறுவனத்திடம் இரண்டு கண்ணாடிக் குப்பிகள் வாங்கினேன். அவற்றுள் ஒன்றை, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து மில்வில் நகரில் 1870களில் வாயால் ஊதிச் செய்யப்பட்டது என்ற விவரத்துடன் ரூ. 14,500க்கு விற்றீர்கள். மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது பழைய குப்பிகளைச் சேர்த்துவரும் எனக்கு, பெட்டியைப் பிரித்த சிறிது நேரத்திலேயே அந்த விவரம் தவறு என்று தெரிந்துவிட்டது.

குப்பியின் பக்கவாட்டில் நகத்தை வைத்து மேல்நோக்கி இழுத்தால், அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு கழுத்தைக் கடந்து வாய் விளிம்பின் மேலேயும் ஏறுகிறது. ஊதுகுழலில் எடுத்த கண்ணாடியை அச்சுக்குள் ஊதிய காலத்தில், குழலிலிருந்து பிரித்த பிறகே வாயைத் தனிக் கருவியால் சுழற்றி உருவாக்கினார்கள். அந்தச் சுழற்சியில் கோடு கழுத்தின் மேற்பகுதியிலேயே அழிந்துவிடும். "பழைய குப்பிகளிலும் அச்சுக்கோடு இருக்கும்" என்று தங்கள் சேவைப் பிரிவு எனக்குப் பதில் எழுதியது. இருக்கும்தான், ஆனால் அது எங்கே நிற்கிறது என்பதல்லவா கேள்வி?

ஒகையோவின் டொலிடோ நகரில் மைக்கேல் ஓவன்ஸ் தானியங்கிக் குப்பி இயந்திரத்தை உருவாக்கியது 1903இல். உருகிய கண்ணாடியை உறிஞ்சி எடுத்துக் கத்தியால் அறுக்கும் அந்த இயந்திரம், குப்பியின் அடியில் நடுவிலிருந்து சற்று விலகிய வட்டத் தழும்பை விட்டுச்செல்லும். அத்தழும்பும் இதில் இருக்கிறது. போதாக்குறைக்கு, சாய்சதுரமும் நீள்வட்டமும் பின்னி நடுவே 'ஐ' எழுத்து கொண்ட ஓவன்ஸ்-இல்லினாய் நிறுவனத்தின் முத்திரையும் அடியில் தெளிவாகத் தெரிகிறது. இரு நிறுவனங்கள் இணைந்து அந்த நிறுவனம் உருவானதே 1929இல்தான்.

தாங்கள் "சாதாரணக் குப்பி" என்று ரூ. 900க்குத் தந்த மற்றொன்றில் அச்சுக்கோடு கழுத்திலேயே நின்றுவிடுகிறது. முகப்பில் ஒரு மருந்துக்கடைக்காரரின் பெயர் புடைப்பெழுத்தில் உள்ளது. அடியில் மில்வில் நகரின் விட்டால் டேட்டம் நிறுவனம் 1901 வரை வைத்திருந்த, 'அண்ட் கோ' என்று முடியும் பழைய பெயரின் குறி இருக்கிறது. அச்சில் பெயர்த்தகட்டை மட்டும் மாற்றிச் செருகி, கடைக்கொரு குப்பி செய்து கொடுத்தவர்கள் அவர்கள். விவரச்சீட்டுகள்தாம் இடம் மாறிவிட்டனவோ என்று எண்ணித் தங்கள் தளத்தைப் பார்த்தேன், ரூ. 14,500 விலையின் அருகே இருக்கும் படமும் அந்த இயந்திரக் குப்பியுடையதே.

எனவே ரூ. 14,500ஐயும் திருப்பி அனுப்பும் கூரியர் செலவையும் 15 நாட்களுக்குள் தருமாறும், அதே விவரத்துடன் இன்னும் விற்பனையில் இருக்கும் குப்பிகளின் அடிப்பாகத்தைப் பார்த்து விவரத்தைத் திருத்துமாறும் கேட்டுக்கொள்கிறேன். தவறினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன். ரூ. 900 குப்பியை நானே வைத்துக்கொள்கிறேன். அதில் எனக்குக் குறை ஏதும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், இரு குப்பிகளின் வாய், கழுத்து, அடிப்பாகப் புகைப்படங்கள்