செயின்ட் லூயிஸில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

உன் வயலின் ஆசிரியர் சொன்னதைப் பற்றி இரண்டு நாளாக அம்மாவும் நானும் பேசிக்கொண்டிருக்கிறோம். பல வாத்தியங்களைத் தொடுகிறவருக்கு எதுவும் கைவராது, உன் தந்தி வாத்தியமான பாஞ்சோவை விற்றுவிடு என்றாராம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நீ குடியிருக்கும் அதே ஊரில் வளர்ந்தவர் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகரும் இசைக்கலைஞருமான ஜான் ஹார்ட்ஃபோர்ட். அவர் எப்படி வாழ்ந்தார் என்று பார்த்துவிட்டு முடிவு செய், அம்மா.

1937இல் பிறந்தவர். பாஞ்சோ, ஃபிடில் (நாட்டுப்புற இசையில் வயலினுக்கு அதுதான் பெயர்), கிட்டார், மாண்டலின் எல்லாம் வாசிப்பார். ஆனால் வாத்தியங்களுக்கும் முன்பே அவர் மனத்தைப் பிடித்தது மிசிசிப்பி ஆறும் அதில் போகும் நீராவிப் படகுகளும்தான். 1967இல் அவர் எழுதிய 'ஜென்டில் ஆன் மை மைண்ட்' பாட்டை கிளென் கேம்பல் என்ற பாடகர் பாடினார். அதன் பிறகு எத்தனையோ பேர் பாடினார்கள். உரிமைத்தொகை வந்துகொண்டே இருந்தது. வேறொருவராக இருந்தால் அதே போல இன்னொரு பாட்டுக்காக வாழ்நாள் முழுவதும் அலைந்திருப்பார். இவரோ அந்தப் பணத்தால் கிடைத்த சுதந்திரத்தில் படகோட்டும் உரிமம் வாங்கி, கோடைக்காலங்களில் 'ஜூலியா பெல் ஸ்வெய்ன்' என்ற நீராவிப் படகைச் செலுத்தினார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான்.

1971இல் நார்மன் பிளேக், வாசார் கிளெமென்ட்ஸ், டட் டெய்லர் ஆகிய இசைக்கலைஞர்களுடன் சேர்ந்து 'ஏரியோ-ப்ளெய்ன்' இசைத்தட்டை வெளியிட்டார். விற்பனை சுமார்தான். ஆனால் பாஞ்சோவும் ஃபிடிலும் முழங்கும் அமெரிக்க நாட்டுப்புற இசையான புளூகிராஸில் புதுவழி தேடிய இளைஞர்களுக்கு அதுதான் வாசலைத் திறந்தது. பிறகு தனியாகவே மேடையேறினார். ஒரு ஒட்டுப்பலகையைப் போட்டு, அதன் ஒலி கேட்கும்படி மைக் வைத்து, அதன்மேல் காலால் தாளம் போட்டு ஆடிக்கொண்டே பாஞ்சோவும் ஃபிடிலும் வாசித்துப் பாடுவார். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம், மூன்றும் பிசகாது. ஆற்றுப் பாட்டுகள் நிறைந்த 1976ஆம் ஆண்டின் 'மார்க் ட்வாங்' இசைத்தட்டு அவருக்கு கிராமி விருதைத் தந்தது. அவர் தன்னைச் சிதறடித்துக்கொண்டார் என்று யார் சொல்ல முடியும்? எந்த வாத்தியத்தை எடுத்தாலும் அவர் ஆற்றிடம்தான் போய்ச் சேர்ந்தார்.

பிற்காலத்தில் எட் ஹேலி என்ற பார்வையற்ற ஃபிடில் கலைஞரின் பழைய வீட்டுப் பதிவுகளைத் தேடிக் கேட்டு, அந்த மெட்டுகளை மாணவனைப் போலக் கற்றார். பேரும் புகழும் வந்த பிறகு இப்படி உட்கார்ந்து கற்பது எல்லோராலும் முடிகிற காரியமில்லை. நீண்ட காலம் புற்றுநோயோடு போராடினார். கடைசி மாதங்களில் கைகள் ஒத்துழைக்கவில்லை. 2001 ஜூனில் நாஷ்வில்லில் காலமானார். தன் மெட்டுகளைக் குறிப்பேடுகளில் எழுதிக்கொண்டே இருந்தவர் அவர். அவற்றிலிருந்து 176 மெட்டுகள் 2018இல் புத்தகமாக வந்தன. ஸ்வரக் குறிப்போடு இருப்பதால் நீ வயலினிலும் வாசிக்கலாம்.

உன் ஆசிரியரிடம் வில் பிடிக்கும் முறையை நன்றாகக் கற்றுக்கொள். அதில் அவர் தேர்ந்தவர். பாஞ்சோவை மட்டும் விற்காதே. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அதையும் பக்கத்தில் வைத்துக்கொள். அம்மா கேட்க வேண்டும் என்கிறாள்.

அன்புடன்,
அப்பா