காது மடல் சீரமைப்பு: அரைமயக்கத்தை எளிதாக எண்ண வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலமும் பள்ளிக் கோடை விடுமுறையும் ஒன்றுசேரும் நாட்களில்தான் எங்கள் கடற்கரைக் குடும்பங்கள் தள்ளிப்போட்டு வந்த மருத்துவ வேலைகளை முடித்துக்கொள்ளப் புறப்படுகின்றன. காது மடல் முன்தள்ளி நிற்பதால் வகுப்பில் 'முறக்காது' என்று கேலிக்கு ஆளாகும் பிள்ளைகளுக்குச் செய்யப்படும் காது மடல் சீரமைப்பும் அண்மைக் காலமாக அவற்றில் ஒன்றாகிவிட்டது. அறுவை அரங்கில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற என்னிடம் மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரைப் பக்கத்துப் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சிஸ்டர், பிள்ளைக்கு முழு மயக்கம் கொடுத்தா மூளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" அந்த அச்சத்தை வைத்தே சிலர் மயக்க முறையைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அச்சத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலாகவோ, பலமுறையோ முழு மயக்கம் கொடுப்பது வளரும் மூளையைப் பாதிக்கக்கூடும் என்று 2016 டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது. ஆனால் கைக்குழந்தைப் பருவத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக முழு மயக்கம் பெற்றவர்களையும், விழித்த நிலையில் மரப்பு ஊசியால் அறுவைச் சிகிச்சை பெற்றவர்களையும் ஐந்து வயதில் ஒப்பிட்டு, ஏழு நாடுகளில் நடந்த ஆய்வொன்று 2019-இல் லான்செட் இதழில் வெளியானபோது, இரு தரப்பினரின் அறிவுத்திறனிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மேலும், காது மடல் ஐந்து, ஆறு வயதுக்குள் பெரியவர்களின் காதளவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வளர்ந்துவிடுவதாலும், அதற்கு முன் குருத்தெலும்பு மிக மென்மையாக இருப்பதாலும், இந்தச் சிகிச்சையைப் பொதுவாக ஐந்து வயதுக்குப் பிறகே செய்கிறார்கள். இரு காதுகளுக்கும் சேர்த்து ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகும். ஆகவே 2016-ஆம் ஆண்டின் எச்சரிக்கை இப்பிள்ளைகளைக் குறித்ததன்று.

மரப்பு ஊசி மட்டும் போட்டுச் செய்வது எல்லோருக்கும் பொருந்துமா என்றால், பொருந்தாது. பதின்ம வயதை எட்டிய, சொன்னதைப் புரிந்துகொண்டு அசையாமல் படுத்திருக்கக்கூடிய பிள்ளைக்கு அது நல்ல முறை. வாந்தி குறைவு, விரைவில் வீடு திரும்பலாம். ஆறு வயதுப் பிள்ளையின் நிலை வேறு. முகத்தைச் சுற்றித் துணி போர்த்தப்பட்டிருக்க, குருத்தெலும்பைக் கீறும் ஓசை வலியில்லாவிட்டாலும் காதுக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்க, ஒன்றரை மணி நேரம் ஒருக்களித்துக் கிடப்பதை அந்த வயதிடம் எதிர்பார்ப்பது கொடுமை. பிள்ளை அழுது திமிறத் தொடங்கினால் கூடுதல் ஊசி போடத் தோன்றும். அங்கேதான் அளவு மீறும் ஆபத்து இருக்கிறது. அட்ரினலின் கலந்த லிக்னோகெயின் என்னும் மரப்பு மருந்தின் உச்ச அளவு உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம். 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது 140 மில்லிகிராம். அதாவது இரண்டு சதவீத மருந்தில், இரு காதுகளுக்கும் சேர்த்தே, 7 மில்லிலிட்டர்தான். அதற்கு மேல் போனால் வலிப்பும் இதயத்துடிப்புக் கோளாறும் வரக்கூடும். அறுவை நாளன்று காலையிலேயே பிள்ளையின் எடையைப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

எனக்குப் பெரும் கவலை தருவது இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள மூன்றாவது முறை. 'முழு மயக்கம் வேண்டாம், லேசாகத் தூங்க வைத்து, மரப்பு ஊசி போட்டு முடித்துவிடலாம்' என்று சொல்லப்படும்போது பெற்றோர் மனம் நிம்மதி அடைகிறது, செலவும் குறைகிறது. ஆனால் மிடசோலம், கெட்டமின் போன்ற மருந்துகள் பிள்ளைக்குப் பிள்ளை வேறுவிதமாக வேலை செய்யும். லேசான தூக்கத்தில் இருந்த பிள்ளை சில நிமிடங்களில் ஆழ்ந்த மயக்கத்துக்குப் போய்விடலாம். முழு மயக்கத்தில் தொண்டைக் குழாயோ, குரல்வளை முகமூடியோ மூச்சுப் பாதையைத் திறந்து வைத்திருக்கும். அரைமயக்கத்தில் அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் இருப்பதில்லை, தலையோ அறுவைத் துணிக்கு அடியில் இருக்கிறது. விரல்நுனிக் கருவி ஆக்சிஜன் குறைவதைக் காட்டும் என்பது உண்மைதான் என்றாலும், பிள்ளைக்கு ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அது தாமதமாகவே காட்டும். வெளிவரும் மூச்சிலுள்ள கரியமில வாயுவை அளக்கும் கருவிதான் மூச்சு தடைபடுவதை முதலில் சொல்லும். அந்தக் கருவியும், அறுவையில் கைவைக்காமல் பிள்ளையை மட்டுமே கவனிக்கும் மயக்கவியல் மருத்துவர் ஒருவரும் இல்லாத இடத்தில் இந்த அரைமயக்கத்துக்கு எந்தப் பெற்றோரும் சம்மதிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அறுவை செய்பவரே மயக்க மருந்தையும் பார்த்துக்கொள்வார் என்று சொன்னால் பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்துவிடலாம். இது உயிர் காக்கும் அவசர அறுவை அன்று, காத்திருக்கலாம்.

சிறு பிள்ளைகளுக்கு ஏற்றது, முழு மயக்கம் கொடுத்து, பிள்ளை உறங்கிய பிறகு காதைச் சுற்றி மரப்பு மருந்தும் போடும் முறையே. இதனால் மயக்க மருந்தின் தேவையும் வலிமருந்தின் தேவையும் குறைகின்றன. அட்ரினலின் கலந்திருப்பதால் இரத்தக் கசிவும் குறைகிறது. காது அறுவைக்குப் பின் குழந்தைகள் அதிகம் வாந்தி எடுப்பது தெரிந்த செய்தி என்பதால், ஒண்டான்செட்ரான், டெக்சாமெத்தசோன் போன்ற மருந்துகளை முன்கூட்டியே கொடுப்பார்களா என்று மயக்கவியல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. 2022-இல் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்ட பின்னும், இத்தகைய சிகிச்சைக்கு மதுரைக்குச் செல்பவர்களே அதிகம். ராமேஸ்வரத்திலிருந்து அது 160 கிலோமீட்டருக்கு மேல். 'வெறும் வயிற்றோடு வாருங்கள்' என்று சொன்னதைக் கேட்டு, முந்தைய இரவு எட்டு மணியிலிருந்து தண்ணீர்கூடக் கொடுக்காமல், மே மாத வெயிலில் பிள்ளையைப் பேருந்தில் கூட்டிச் செல்கிறார்கள். சோற்றுக்கும் பாலுக்கும் ஆறு மணி நேர இடைவெளி கட்டாயம். பால் கலந்த தேநீரும் அதில் அடங்கும். ஆனால் வெறும் தண்ணீரை மயக்கம் கொடுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை கொடுக்கலாம். நீர் வற்றி, பசியில் அழுது சோர்ந்த பிள்ளைக்கு நரம்பு கிடைப்பதே கடினம். முடிந்தவர்கள் முந்தைய நாளே மதுரைக்குப் போய்த் தங்குவதும், சிகிச்சைக்குப் பின் ஓர் இரவு அங்கேயே இருப்பதும் மிகவும் நல்லது. நீண்டநேரம் வேலை செய்யும் மரப்பு மருந்தின் வீரியம் சில மணி நேரத்தில் குறைந்து வலி தலைகாட்டும்போது பிள்ளை பேருந்தில் இருக்கக் கூடாது. அதிலும், ஒரு காதில் மட்டும் வலி கூடிக்கொண்டே போனால் கட்டுக்குள் இரத்தம் தேங்கியிருக்கக்கூடும். அப்போது விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும்.

மயக்கவியல் மருத்துவரிடம் பெற்றோர் சொல்ல மறக்கும் செய்திகளும் உண்டு. சளி, இருமல் வந்து இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகாத பிள்ளைக்கு மயக்கத்தின்போது குரல்வளை இறுகும் வாய்ப்பு அதிகம் என்பதால், பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது என்பதற்காகச் சளியை மறைக்கக் கூடாது. ஆறு, ஏழு வயதில் ஆடும் பால்பல்லைக் காட்ட வேண்டும். தாய்வழியிலோ தந்தைவழியிலோ யாருக்காவது மயக்க மருந்தால் கடும் காய்ச்சலோ, மூச்சுத் திரும்பத் தாமதமோ ஏற்பட்டிருந்தால், பாட்டி சொன்ன பழைய கதையாக இருந்தாலும் சொல்லிவிட வேண்டும். நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் நம் பக்கத்தில் அச்செய்திக்கு இன்னும் மதிப்பு அதிகம்.

விடுமுறை தொடங்குவதற்கு முன்பே தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில், உணவு இடைவெளிக் கணக்கையும், மயக்கவியல் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளையும் ஒரு கட்டமாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் மாவட்டத்து மருத்துவர்களும் அவற்றைத் தமிழில் அச்சிட்டு, அறுவைக்கு நாள் குறிக்கும்போதே பெற்றோர் கையில் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறுவை அரங்கச் செவிலியர்,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.