ஜப்பானீஸ் தெரிஞ்சா ஹோட்டல் வேலை கிடைக்குமா, பாப்பாவுக்கு அப்பா எழுதுறது

பாப்பா,

நேத்து போன்ல பாதிப் பேச்சுல லைன் கட்டாயிடுச்சு, மெசேஜ்ல சொன்னா நீளமா போகும்னு லெட்டராவே எழுதிடுறேன். மாப்பிள்ளைக்கு பேங்காக்கோ ஆஸ்திரேலியாவோ டோக்கியோவோ எது அமைஞ்சாலும் கூடப் போகணும், அங்க ஹோட்டல்ல வேலை தேடுறப்போ இத்தனை வருஷம் ராத்திரி முழிச்சு படிச்ச ஜப்பானீஸ் உதவுமாப்பான்னு கேட்ட இல்லையா. உதவும்டா. ஆனா எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி உதவாது, ஒரே ஊருக்குள்ளயே எல்லா ஹோட்டல்லயும் உதவாது. ஜப்பான் கெஸ்ட் வராத ஹோட்டல்ல ஜேஎல்பிடிங்கிற ஜப்பானீஸ் டெஸ்ட்ல ரொம்ப கஷ்டமான லெவலான என்1 பாஸ் பண்ணவங்களுக்கு கூட அது ரெஸ்யூம்ல ஒரு வரி அவ்வளவுதான், வந்து தங்குற ஹோட்டல்ல உன்னோட நடு லெவல் என்3யே அம்பது ரெஸ்யூம்ல இருந்து உன்னோடத தனியா எடுத்து வைக்கும். இத்தனை வருஷம் ஹோட்டல் ரிசப்ஷன்ல, ஃப்ரன்ட் ஆபீஸ்ல இருந்து பார்த்தத வச்சு சொல்றேன்.

அதனால மொதல்ல அந்த ஊருக்கு ஜப்பான்ல இருந்து யார் வர்றாங்க, எதுக்கு வர்றாங்கன்னு பாரு. பேங்காக்ல சுகும்வித் ரோட்ல ப்ரோம் போங், தோங் லோ பக்கமெல்லாம் ஜப்பான் குடும்பங்க நிறைய இருக்காங்க, ஒகுரா, நிக்கோ மாதிரி ஜப்பான் ஹோட்டலே பேங்காக்ல இருக்கு, வர்றவங்கள்ல கம்பெனி வேலையா வந்து தங்குறவங்க ஜாஸ்தி, ஒரே ஆள் வருஷத்துக்கு பல தடவை வருவார், அவருக்கு முகம் தெரிஞ்ச ஒரு ஆள் டெஸ்க்ல இருந்தா அந்த ஹோட்டல விட்டு மாறவே மாட்டார், மேனேஜருக்கும் அது நல்லா தெரியும். ஆனா அங்க குடும்ப விசால போயிட்டு வொர்க் பர்மிட் இல்லாம ஒரு நாள் கூட வேலை பார்க்க முடியாது, அதுவும் இல்லாம கூட வேலை செய்றவங்க எல்லாரும் பேசுறது தாய்லாந்து மொழி, ஹவுஸ்கீப்பிங்குக்கு போன் போட்டு ரூம் ரெடியான்னு கேக்க ஜப்பானீஸ் உதவாது.

ஆஸ்திரேலியான்னா கெய்ர்ன்ஸ், கோல்ட் கோஸ்ட் ரெண்டும் ஜப்பான் டூரிஸ்ட்டுக்கு ரொம்ப காலமா பழகின ஊர். அங்க உனக்குப் போட்டியே ஜப்பான் பசங்கதான், 1980ல இருந்தே ரெண்டு நாட்டுக்கும் நடுவுல, ஊர் சுத்திக்கிட்டே வேலையும் பார்க்கிற வொர்க்கிங் ஹாலிடே விசா இருக்கு, அதுல வர்ற பசங்களுக்கு ஜப்பானீஸ் தாய்மொழி, அவங்களோட மொழில மட்டும் மோதினா நீ ஜெயிக்க முடியாது. ஆனா அந்த விசால வர்றவங்க ரொம்ப காலம் அங்க இருக்க முடியாது, நிறைய பேருக்கு இங்கிலீஷும் தடுமாறும். நீ ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிச்சவ, இங்கிலீஷ் சரளமா வரும், மாப்பிள்ளை வேலை இருக்கிற வரைக்கும் அங்கயே இருப்ப, இந்த மூணையும் இன்டர்வியூல வாய் திறந்து சொல்லு, அவங்களா புரிஞ்சுக்குவாங்கன்னு விட்டுடாத.

இன்னொன்னும் தெரிஞ்சுக்கோ, ஜப்பான்காரங்க வெளிநாடு போறது முன்ன மாதிரி இல்ல. 2019ல கிட்டத்தட்ட 2 கோடி பேர் போனாங்க, 2024ல 1 கோடியே 30 லட்சம்தான். யென் விழுந்துடுச்சு, டாலருக்கு 110 யென் சுமாருக்கு இருந்தது 2024ல 160ஐ தொட்டுது, அவங்களுக்கு வெளிநாட்டுல ஒரு சாப்பாடே பாரமா தெரியுது. ஹவாய்லயே 2019ல 15 லட்சத்துக்கு மேல வந்தவங்க 2024ல அதுல பாதி கூட இல்ல. அதனால பழைய கதைய கேட்டுட்டு ஊர் முடிவு பண்ணாத, இப்போ அந்த ஹோட்டல்ல எந்த நாட்டு கெஸ்ட் எவ்வளவுன்னு இன்டர்வியூலயே கேளு, கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டாங்க, விவரமான பொண்ணுன்னுதான் நினைப்பாங்க.

டோக்கியோ அமைஞ்சா கணக்கே தலைகீழ். அங்க ஜப்பானீஸ் உனக்கு கூடுதல் தகுதி இல்ல, அது இல்லாம உள்ளயே விட மாட்டாங்க. அங்க உன் பலம் இங்கிலீஷ்தான், 2024ல மட்டும் 3 கோடியே 68 லட்சம் வெளிநாட்டுக்காரங்க ஜப்பானுக்கு வந்திருக்காங்க, அவங்களோட பேச ஆள் வேணும். ஆனா மாப்பிள்ளையோட டிபென்டன்ட் விசால போனா தனியா பர்மிஷன் வாங்கி வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம், முழுநேரம்னா உன் பேர்லயே விசா வேணும். 2019 ஏப்ரல்ல கொண்டுவந்த தொகுதெய் கினோங்கிற, குறிப்பிட்ட தொழில் திறமை இருக்கிறவங்களுக்கான விசால ஹோட்டல் வேலையும் ஒரு பிரிவு, உன் என்3க்கும் கீழ இருக்கிற என்4 அளவு ஜப்பானீஸும் ஹோட்டல் வேலைக்கான தனி டெஸ்டும் கேக்குறாங்க, மொழி உன்கிட்ட ஏற்கனவே இருக்கு, டெஸ்ட் மட்டும்தான் பாக்கி.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், கொஞ்சம் பொறுமையா படி. ஜேஎல்பிடில பேச்சு டெஸ்ட்டே கிடையாது, படிக்கிறதும் கேக்குறதும்தான், எல்லாம் விடைய டிக் பண்றது. ஹோட்டல்ல வேணும்கிறது அதுக்கு நேர் எதிர். இன்டர்வியூல பாதி இங்கிலீஷ்ல போயிட்டு இருக்கும், திடீர்னு ஒருத்தர் ஜப்பானீஸ்ல ஆரம்பிப்பார், என்ன கெஸ்ட்டா நினைச்சு பேசுன்னுவார், அங்க க்ளாஸ்ல ஃப்ரெண்ட்ஸோட பேசுற ஜப்பானீஸ் வந்துச்சுன்னா முடிஞ்சுது. கெய்கோ, அந்த மரியாதைப் பேச்சு, அது நாக்குல இருக்கணும். பெரிய இலக்கணமெல்லாம் வேணாம்டா, ஒரு நாள் பூரா டெஸ்க்ல நடக்கிறத எடுத்துக்கோ, செக்-இன், பாஸ்போர்ட் காப்பி, டெபாசிட், பிரேக்ஃபாஸ்ட் நேரம், வைஃபை, ரூம் மாத்துறது, லேட் செக்-அவுட், மன்னிப்பு கேக்குறது, ஒவ்வொண்ணுக்கும் மூணு நாலு வரி, அத கண்ணாடி முன்னாடி நின்னு சத்தமா சொல்லு. மன்னிப்பு கேக்குறதுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி பழகிக்கோ, ஹோட்டல்ல அதுதான் அதிகம் தேவைப்படும்.

என் கூட வேலை பார்த்த ஒரு பொண்ணு இருந்தா, என்3 கூட கிடையாது, ஆனா ஜப்பான் கெஸ்ட் எல்லாரும் அவளத்தான் தேடுவாங்க. ஒரு ராத்திரி ஒரே கம்பெனில இருந்து ரெண்டு பேர் வந்தாங்க, ஒருத்தர் பெரிய ஆபீசர், ஒருத்தர் அவருக்குக் கீழ, ஏஜென்ட் ரெண்டு தனிக் கட்டில் இருக்கிற ட்வின்னுக்கு பதிலா ஒரே கட்டில் இருக்கிற டபுள் ரூம் புக் பண்ணிட்டான். சின்னவர் முகமெல்லாம் வேர்த்துப்போச்சு, பெரியவர் முன்னாடி வாயத் திறக்க முடியல, வவுச்சர திருப்பித் திருப்பி பாக்குறார். அவ ரெண்டே வரி மெதுவா பேசினா, ட்வின் காலியா இருக்கிற ஃப்ளோர சிஸ்டத்துல பார்த்து சாவிய மாத்திக் குடுத்தா, நாலுங்கிற நம்பர் ஜப்பான்காரங்களுக்கு ஆகாதுன்னு நாலாவது மாடிய அவளாவே தவிர்த்தா, பாத்டப் இருக்கிற ரூமான்னும் ஒரு தடவை பார்த்துக்கிட்டா. காலைல பில் குடுக்கிறப்போ கேக்குறதுக்கு முன்னாடியே கம்பெனி பேர் எழுதின ரசீது ரெடி, ஆபீஸ்ல கணக்கு காட்ட அது இல்லாம அவங்களுக்கு ஆகாது. அந்தக் கம்பெனி அதுக்கப்புறம் எங்க ஹோட்டலுக்கேதான் ஆள் அனுப்புச்சு. பேச்சு கொஞ்சம்தான், ஆனா எதுக்கு சங்கடப்படுவாங்கன்னு அவளுக்கு தெரிஞ்சிருந்துச்சு, உனக்கும் அது வரும், நீ சின்ன வயசுலயே வீட்டுக்கு வர்றவங்க முகத்தப் பார்த்தே தண்ணி எடுத்துட்டு வர்றவ.

ரெஸ்யூம்ல வெறுமனே "ஜப்பானீஸ் தெரியும்"னு போடாத. எந்த லெவல், எந்த வருஷம் பாஸ் பண்ண, போன்ல ரிசர்வேஷன் எடுக்க முடியுமா, ஜப்பானீஸ்ல ஈமெயில் பதில் எழுத முடியுமா, அத எழுது. முடியாதத எழுதிடாத, அஞ்சே நிமிஷத்துல தெரிஞ்சுடும். ஃப்ரன்ட் டெஸ்க் மட்டும் பாக்காத, கெஸ்ட் ரிலேஷன்ஸ், ரிசர்வேஷன், ஜப்பான் கம்பெனிகளப் புடிக்கிற சேல்ஸ் டீம், எல்லாத்துக்கும் போடு, சேல்ஸ்ல மொழிக்கு மதிப்பு ஜாஸ்தி. வேலைல சேர்ந்ததும் லீவு நாள்ல கூட "ஒரு ஜப்பான் கெஸ்ட் வந்திருக்கார், கொஞ்சம் போன்ல பேசிடு"ன்னு கூப்பிடுவாங்க, அதனால மொழிக்குன்னு தனி அலவன்ஸ் உண்டான்னு ஆஃபர் லெட்டர்ல சைன் பண்றதுக்கு முன்னாடியே கேட்டுடு, சில இடத்துல குடுப்பாங்க, ஆனா கேக்காதவங்களுக்கு யாரும் தேடி வந்து குடுக்க மாட்டாங்க. மொழிபெயர்க்க ஆப் இருக்கேன்னு யாராவது சொன்னா கவலப்படாத, ரூம் நம்பர் சொல்ல ஆப் போதும், கோவத்துல நிக்கிற கெஸ்ட்கிட்ட போன நீட்ட முடியாது.

ஊர் உறுதியானதும் மாப்பிள்ளைகிட்ட சொல்லி விசா பேப்பர்ல உனக்கு வேலை அனுமதி இருக்கா, எத்தனை மணி நேரம்னு மொதல்ல பார்க்கச் சொல்லு, அதுக்கப்புறம் மத்ததெல்லாம். ரெஸ்யூம் எழுதினதும் எனக்கு ஒரு காப்பி அனுப்பு, ஹோட்டல் வேலை பத்தின வரியெல்லாம் நான் பார்த்துத் தர்றேன், ஜப்பானீஸ் பக்கத்த உன் டீச்சர்கிட்ட காட்டிடு. அம்மா உன்ன நேரத்துக்கு சாப்பிடச் சொன்னா.

அப்பா